இரண்டாம் ஃபிரெடெரிக்கை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கைப் பற்றிப் படிக்கப் போகிறவர்களை முதலில் இழுப்பது அவருடைய விநோதங்கள்தான். யானை வைத்திருந்தார், வல்லூறு வளர்த்தார், போப்பிடம் திரும்பத் திரும்பத் தண்டனை வாங்கினார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே ஆரம்பித்தால் ஐம்பது பக்கத்தில் தலை சுற்றிவிடும். யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்து வைக்கச் சொல்வது இத்தாலியின் வரைபடத்தை.

தெற்கே சிசிலித் தீவையும் அதற்கு எதிரேயுள்ள தென் இத்தாலியையும் பென்சிலால் தீட்டுங்கள். அது தாய் கான்ஸ்டன்ஸ் வழி வந்த சொத்து. வடக்கே லொம்பார்டி நகரங்கள், ஆல்ப்ஸ் மலை, அதைத் தாண்டி ஜெர்மனி. இது தந்தை ஆறாம் ஹென்றி வழி. இதையும் அதே நிறத்தில் தீட்டுங்கள். நடுவில் வெள்ளையாக மிஞ்சுவது போப்பின் நிலம். போப்புகள் மாறியும் சண்டை ஏன் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து பெயர்க் குழப்பம். பார்பரோசா என்கிற முதலாம் ஃபிரெடெரிக் இவருடைய தாத்தா. 1190இல் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தவர். இவருடைய அப்பா ஹென்றி, மூத்த மகனும் ஹென்றி. ஒரு தாளில் வம்சாவளியை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படிக்காதீர்கள்.

இளமையை வேகமாகக் கடக்கலாம். 1194இல் இயேசி என்ற ஊரில் பிறப்பு, மூன்று வயதில் சிசிலியின் மன்னர், நான்கு வயதுக்குள் பெற்றோர் இருவரும் மறைவு, காப்பாளராகப் போப் மூன்றாம் இன்னசென்ட், 1220இல் ரோமில் பேரரசராக முடிசூட்டு. இவ்வளவு போதும்.

நிதானிக்க வேண்டிய இடம் 1227 முதல் 1229 வரை. அதை மாதம் மாதமாகப் படியுங்கள். 1227 செப்டம்பரில் பிரிண்டிசியிலிருந்து சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறுகிறார். நோய் வந்து திரும்பிவிடுகிறார். ஏற்கெனவே பலமுறை பயணத்தைத் தள்ளிப்போட்டவர் என்பதால், போப் ஒன்பதாம் கிரிகோரி இதை நம்பவில்லை, திருச்சபையிலிருந்து விலக்கிவிடுகிறார். அடுத்த ஆண்டு, விலக்கு நீங்காமலேயே, இவர் கிளம்பிப் போகிறார். அங்கே எகிப்து சுல்தான் அல்-காமிலுக்கும் தன் குடும்பத்துக்குள்ளேயே டமாஸ்கஸை வைத்துத் தகராறு. ஆகவே பெரிய போர் ஏதும் இல்லாமல் 1229 பிப்ரவரியில் ஒப்பந்தம்: ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் கிறிஸ்தவர்களுக்கு, ஜெருசலேமில் மசூதிகள் இருக்கும் வளாகம் முஸ்லிம்களிடமே, பத்தாண்டு அமைதி. மார்ச் 18 அன்று இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தில் இவரே கிரீடத்தை எடுத்து அணிந்துகொள்கிறார். மறுநாளே அந்த நகரத்தில் வழிபாடுகளுக்குத் தடை போட ஒரு பேராயர் வந்து சேர்கிறார்! அதே சமயத்தில் போப்பின் படை இவருடைய தென் இத்தாலிக்குள் புகுந்திருந்தது. இப்போது அந்த வரைபடத்தை மறுபடி பாருங்கள்.

அப்புறம், எந்தக் கதை கிடைத்தாலும் "சொன்னது யார்?" என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். குழந்தைகளிடம் யாரையும் பேசவிடாமல் வளர்த்து, என்ன மொழி பேசுகிறார்கள் என்று பார்த்தாராம், எல்லாரும் இறந்துபோனார்களாம். பரபரப்பான கதைதான். இதைச் சொல்பவர் சலிம்பெனே. பிரான்சிஸ்கன் துறவி, பேரரசர் முற்றுகையிட்ட பார்மா நகரத்துக்காரர், எழுதியதோ பேரரசர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு. பொய் என்று நான் சொல்லவில்லை. சாட்சி சொல்ல முதலில் கூப்பிட வேண்டிய ஆள் அவர் இல்லை.

மனிதரை நேரில் பார்க்க வேண்டுமென்றால், வல்லூறு வேட்டை பற்றி அவரே எழுதிய நூலின் மொழிபெயர்ப்பில் பத்துப் பக்கம் படியுங்கள். கழுகுகள் மோப்பத்தால்தான் இரையைக் கண்டுபிடிக்கின்றனவா என்று அறிய, அவற்றின் கண்களை மூடிச் சோதிக்கிறார். ஒருவகை வாத்து மரத்தில் பிறக்கிறது என்று அன்று நம்பினார்கள்; அந்த மரக்கட்டையை வடக்கிலிருந்து வரவழைத்துப் பார்த்துவிட்டு, அதில் பறவைக்கான அடையாளமே இல்லை என்கிறார். அரிஸ்டாட்டிலையும் விடவில்லை: அவர் பறவை வைத்து வேட்டையாடியதே அரிது அல்லது இல்லை என்று ஒரு குத்து.

இதைப் படித்த கையோடு 'காலத்தை மிஞ்சிய சகிப்பாளர்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிசிலி அரசுக்காக 1231இல் இவர் வெளியிட்ட மெல்ஃபி சட்டங்களை எடுங்கள். தீயிலும் நீரிலும் இறக்கி உண்மையைச் சோதிக்கும் வழக்கத்தை ஒழித்த அதே தொகுப்பு, மதமறுப்பாளர்களை எரிக்கவும் சொல்கிறது. சிசிலி முஸ்லிம்களைப் பிடுங்கி தென் இத்தாலியின் லுசேராவில் கொண்டுபோய்க் குடிவைத்தவரும் இவரே.

1245இல் பிரான்ஸின் லியோனில் கூடிய திருச்சபைப் பேரவையில் போப் இவரைப் பதவிநீக்கியது, 1248இல் பார்மாவில் தோற்றது, 1250 டிசம்பரில் இறந்தது ஆகியவற்றோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 1268 வரை போங்கள். மகன் மன்ஃபிரெட் 1266இல் பெனவெந்தோ போரில் விழுகிறார்; பேரன் கான்ராடின் பதினாறு வயதில் நேப்பிள்ஸில் தலை வெட்டப்படுகிறார். சிசிலி போப்பின் ஆதரவு பெற்ற பிரெஞ்சு இளவரசர் சார்லஸின் கைக்குப் போகிறது.