ஆறு குண்டுக்குள் முடியும் போட்டி

அமெரிக்காவில் என்னிடம் இருப்பது ஆறு குண்டு ரிவால்வர். பிஸ்டல்காரர் நடுவில் ஒவ்வொரு போட்டியிலும் நான்தான் கடைசி. அவர்கள் குண்டு நிரப்பிய மகசினை மாற்றிக்கொண்டு ஓட, நான் வெற்றுக் கோதுகளைக் கொட்டிக்கொண்டு நிற்பேன்.

லீவில் கொக்குவில் வந்தபோது, புழுக்கொடியலைக் கடித்தபடி சித்தப்பா கேட்டார்: "ஆறுக்குள்ள முடியிற போட்டி ஒண்டும் இல்லையோ தம்பி?" மனுசன் துவக்கைத் தொட்டதே இல்லை!

தேடினேன், இருந்தது. ஸ்டீல் சேலஞ்ச் என்ற, இரும்புத் தட்டுகளை வேகமாகச் சுடும் போட்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்தே தட்டுகள். ஆறாவது குண்டு ஒரு தவறுக்குக் காப்பு. பெரும்பாலும் ஐந்து சுற்று, அதில் மோசமான நேரத்தைக் கழித்தும் விடுவார்கள். ஐ.டி.பி.ஏ. என்ற துப்பாக்கிப் போட்டி அமைப்பில் ரிவால்வருக்குத் தனிப் பிரிவு உண்டு. 1991இல் தொடங்கிய ஐகோர் ரிவால்வருக்கென்றே உள்ள அமைப்பு.

திரும்பிப் போனதும் தட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். முதல் நாளே கடைசியிலிருந்து நாலாவது.