ஒரு செய்தி வந்ததும் வாட்ஸ்அப் மூடிக்கொள்கிறதா? அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்

குழுவில் ஏதோ ஒன்று வந்து விழுகிறது. வாட்ஸ்அப்பைத் திறக்கிறீர்கள், திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தாலும் அதே கதை. உடனே பலரும் செய்வது, செயலியை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு இதைவிட மோசமான முதல் வேலை வேறில்லை.

ஏனென்றால் கைப்பேசியில் இருப்பது இங்குள்ள சிம், வாட்ஸ்அப் ஓடுவதோ ஊர் எண்ணில். அந்த ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் தங்குவிடுதி அலமாரியில் எங்கோ கிடக்கும். செயலியை அழித்து மீண்டும் நிறுவினால், ஆறு இலக்கக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் போகும். எண் உயிரோடு இல்லையென்றால் கணக்குக்குள் நுழைவது பெரும்பாடு. நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாத எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கவும் கூடும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குப் போட்ட ரகசிய எண்ணும் (PIN) மறந்து, மின்னஞ்சலும் கொடுத்து வைக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருப்பு வேறு. ஆகவே அழிப்பதுதான் ஒரே வழி என்று ஆனாலும், முதலில் ஊர் சிம்மைத் தேடி எடுத்துப் போட்டு, அதற்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள்.

சிம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டில் ‘கிளியர் கேஷ்’, ‘கிளியர் டேட்டா’ இரண்டும் அருகருகே இருக்கும். முதலாவதால் கெடுதல் இல்லை, இந்தச் சிக்கலில் பெரிய பலனும் இல்லை. இரண்டாவது உங்கள் கணக்கையும் உரையாடல்களையும் செயலியிலிருந்து துடைத்துவிடும். ஐபோனில் ‘ஆஃப்லோடு’ செய்தால் தரவு தங்கும். ‘டெலீட்’ செய்தால் போய்விடும். காப்புப்பிரதி இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அதன் தேதியைக் கூகல் டிரைவிலோ ஐகிளவுடிலோ முதலில் பார்க்க வேண்டும். போன வருடத்தோடு நின்றுபோன காப்புப்பிரதியை நம்பிக் கைவைத்தால், இடைப்பட்ட மாதங்களில் வந்த குழந்தையின் படங்களும் அம்மாவின் குரல் பதிவுகளும் திரும்பாது.

உண்மையில் அந்தச் செய்தி உங்கள் தரவை எதுவும் செய்துவிடவில்லை. பெரும்பாலும் அது வைரஸும் அல்ல. தமிழில் ‘க்ஷ’ என்பது திரையில் ஓர் உருவம். உள்ளே க, புள்ளி, ஷ என மூன்று குறியீடுகள். இவற்றைச் சேர்த்து ஓர் எழுத்தாக வரைவது கைப்பேசியின் வேலை. வரையும் நிரலில் குறை இருந்தால், குறிப்பிட்ட ஒரு சேர்க்கை வந்ததும் செயலி தடுக்கி விழும். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோனில் வாட்ஸ்அப் உட்படப் பல செயலிகளை இப்படித்தான் முடக்கியது. 2020இல் சிந்தி எழுத்துகளோடு இத்தாலியக் கொடி சேர்ந்து வந்து அதே வேலையைச் செய்தது. 2023 மே மாதம் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பைக் கவிழ்த்தது எழுத்துகூட அல்ல, வாட்ஸ்அப்பின் அமைப்புகள் பக்கத்துக்கான ஓர் இணைப்பு.

திறக்கும்போதெல்லாம் அதே செய்தியை வரைய முயன்று விழுகிறது என்பதால், திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. அறிவிப்பைத் தட்டினால் நேரே அந்தச் செய்திக்கே போய் நிற்பீர்கள். செய்தியை வேறு இடத்திலிருந்து நீக்க வேண்டும். ஏற்கெனவே கணினியில் வாட்ஸ்அப் இணைத்து வைத்திருந்தால் வேலை ஐந்து நிமிடம்: அங்கே உரையாடலைத் திறந்து, அந்தச் செய்தியை மட்டும் நீக்குங்கள். 2023 சிக்கலில் பலரைக் காப்பாற்றியது இந்த வழிதான். கைப்பேசி திறக்காத நேரத்தில் கணினியைப் புதிதாக இணைக்க முடியாது, அதனால் நல்ல நாளிலேயே ஒன்றை இணைத்து வையுங்கள்.

கணினி இல்லையா? அதே உரையாடலில் நாலைந்து சாதாரண செய்திகளை அனுப்பச் சொல்லி யாரையாவது அழைத்துக் கேளுங்கள். உரையாடல் பட்டியலில் தெரியும் கடைசி வரி மாறிவிட்டால் செயலி மூடிக்கொள்ளாமல் நிற்கக்கூடும். அப்படி நின்றால் அந்த உரையாடலுக்குள் போகாதீர்கள். வெளியிலிருந்தே அந்த உரையாடலை நீக்குங்கள். ஆமாம், அந்த ஓர் உரையாடல் போகும். மற்றவை தப்பும்.

இதற்கிடையே ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயலியைத் திறக்காமலே, உரையாடல் எதையும் இழக்காமலே புதுப்பிக்கலாம். கைப்பேசியின் இயங்குதளத்துக்கு வரும் புதுப்பிப்பையும் விடாதீர்கள்: மேலே சொன்ன தெலுங்கு எழுத்துச் சிக்கல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.2.6இலும், சிந்திச் சிக்கல் 13.5இலும் தீர்ந்தன. ‘அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும்’ என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போடுபவர்களிடம்தான் பழைய வெடிகள் இன்னும் வெடிக்கின்றன.

‘உனக்கும் அப்படி ஆகிறதா பார்’ என்று நண்பருக்கு அனுப்பிச் சோதிப்பதும் நடக்கிறது. விளையாட்டாகத் தோன்றும், அவரிடம் ஊர் எண்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்க வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். படத்தில் எழுத்துகள் வெறும் புள்ளிகளே, எதையும் முடக்காது.

கடைசியாக, சரிசெய்து தருகிறேன் என்று வரும் அந்நியர்கள். இதில் இரக்கமே வேண்டாம். ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்பவர் உங்கள் கணக்கைக் கேட்கிறார். ‘திருத்திய வாட்ஸ்அப்’ என்று ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்புபவர் இன்னும் மோசம். 2023இல் இங்கே அந்நியர்கள் அனுப்பிய ஏபிகே கோப்புகளை நிறுவிய பலர் வங்கிச் சேமிப்பையே இழந்தார்கள். 2024இல் கூகல் அப்படிப்பட்ட ஆபத்தான செயலிகளைத் தானாகத் தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தைச் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. சந்தேகம் வந்தால் 1799க்கு அழையுங்கள், அது மோசடிகளுக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண். கைப்பேசி அமைப்புகளில் தடுமாறும் பெரியவர்களுக்குச் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உதவுகிறார்கள். போகும்போது ஊர் சிம்மையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.