இஃபெமரல்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ‘இஃபெமரல்’ (ephemeral) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் ‘டெம்பரரி’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். முழுத் தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இத்தனை நாளைக்கு என்று நாமே ஏற்பாடு செய்வது டெம்பரரி: தற்காலிக வேலை, தற்காலிகப் பேருந்து நிலையம். இயல்பிலேயே நிற்காமல் மறைவதுதான் இஃபெமரல். சாரல் நேரத்தில் வெயில் எட்டிப்பார்த்தால் மலைமேல் தோன்றும் வானவில், திடீர்ப் புகழ் இப்படி. 24 மணி நேரத்தில் மறையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் சேர்க்கலாம்.

இதன் கிரேக்க மூலத்துக்கு ‘ஒரு நாள் மட்டும் இருப்பது’ என்று பொருள். வளர்ந்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோ மட்டும் வாழும் மேஃப்ளை பூச்சிகளின் வரிசைக்கு ‘இஃபெமராப்டெரா’ என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

புவியியல் படிப்பவர்கள் கவனிக்க: மழை பெய்த கையோடு ஓடி வற்றிவிடும் ஓடைதான் ‘இஃபெமரல் ஸ்ட்ரீம்’. பருவம் முழுக்க ஓடிக் கோடையில் நின்றுபோவது ‘இன்டர்மிட்டென்ட்’. தேர்வில் மாற்றிப் போட ஏற்ற ஜோடி இது!

அப்புறம் உச்சரிப்பு. அழுத்தம் ‘ஃபெ’யில் விழ வேண்டும். ‘இஃபெமரா’ என்றால் பழைய டிக்கெட், நோட்டீஸ் போன்ற காகிதங்கள்.