ஒரு படகு, மூன்று பத்திரம்: டெக்சாஸில் பழைய பாய்மரப் படகு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் முறை

முதல் படகு வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கேட்டலினா 22. 1970 வாக்கில் தொடங்கி பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அதனால் பழைய படகும் உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். கீலை, அதாவது படகுக்கு அடியில் நீட்டியிருக்கும் கனமான தகட்டை, மேலே தூக்கும் மாடல் என்றால் டிரெய்லரில் ஏற்றுவதும் எளிது. டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு லூயிஸ்வில், ரே ஹப்பர்ட் ஏரிகள், ஆஸ்டின்காரர்களுக்கு டிராவிஸ் ஏரி.

வாங்கும்போது எல்லோரும் பாயைத்தான் விரித்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பத்திரத்தை முதலில் பாருங்கள்.

படி 1: பணம் கொடுப்பதற்கு முன்

கண்ணுக்குத் தெரிவது ஒரு படகு. டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் அது மூன்று பொருள். படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனி டைட்டில். இரண்டையும் தருவது மாநிலத்தின் பார்க்ஸ் அண்ட் வைல்டுலைஃப் துறை. டிரெய்லர் பதிவு மட்டும் கவுண்டி வரி அலுவலகத்தில்.

படகின் பின்பலகையில், வலது மேல் மூலையில் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 12 இடம் கொண்ட ஹல் எண், அதாவது படகின் அடையாள எண், இருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகென்றால் இது இருந்தே ஆகவேண்டும். பாசி படிந்திருந்தால் துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் டைட்டிலோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டாரின் சீரியல் எண்ணையும் அப்படியே பாருங்கள்.

நான் முதல் படகை வாங்கியபோது மோட்டார் டைட்டிலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் இருந்தது எனக்கு விற்றவரின் பெயர் இல்லை, அவருக்கு முன்னால் வைத்திருந்தவரின் பெயர். அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் ஆனது. படகு அதுவரை முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பணத்தை எடுக்காதீர்கள். கடன் பாக்கி ஏதும் டைட்டிலில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: இன்சூரன்ஸுக்கு போன்

டெக்சாஸில் படகு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ஆனால் பல மரினாக்கள் (படகு நிறுத்துமிடங்கள்) லயபிலிட்டி பாலிசி, அதாவது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி, இல்லாமல் இடம் தரமாட்டார்கள். இழுத்துப் போகும்போது டிரெய்லர் யார் மீதாவது மோதினால் பொதுவாக உங்கள் கார் பாலிசி பொறுப்பேற்கும். படகுக்கே ஏற்படும் சேதத்தை அது ஏற்காது. ஆகவே படகை எடுக்கப் போகும் நாளிலேயே பாலிசி தொடங்கிவிடட்டும்.

கேட்கவேண்டிய கேள்விகளில் முக்கியமானது: 'அக்ரீட் வேல்யூ'வா, 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ'வா? முதலாவதில் பேசிவைத்த தொகை அப்படியே வரும். இரண்டாவதில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். நாற்பது வயதுப் படகுக்கு மிஞ்சுவது சொற்பம். மூழ்கிப்போனால் வெளியே எடுக்கும் செலவும், பெட்ரோல் கசிந்தால் சுத்தம் செய்யும் செலவும் சேருமா என்றும் கேளுங்கள். மூழ்கிய படகை எடுக்கும் செலவு சில நேரம் படகு விலையையே தாண்டிவிடும். படகு ரொம்பப் பழையது என்றால், படகைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கையை இன்சூரன்ஸ்காரர்கள் உங்களிடம் கேட்கலாம்.

படி 3: டிரெய்லர்

டயர் நன்றாகத்தான் தெரியும். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் காய்ந்து வெடிப்பதுதான் அதிகம்.

அடுத்து, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் சுழன்றால் நல்லது. மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றாமல் கிளம்பக்கூடாது.

கீல் தூக்கும் மாடல் சுமார் 2,200 பவுண்ட். டிரெய்லர், மோட்டார், பெட்ரோல், நங்கூரம் எல்லாம் சேர்த்தால் 3,500 பவுண்டை நெருங்கும். உங்கள் வண்டியின் இழுவைத் திறன் இதைவிடத் தாராளமாக இருக்கட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் உட்காரவேண்டும். குறைந்தால் ஹைவேயில் டிரெய்லர் வாலாட்டும். ஹிட்ச் பந்தின் அளவும் டிரெய்லர் மூக்கில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். மூக்கு கழன்றாலும் அது தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

கிளம்பிப் பத்து மைலில் ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

படி 4: பதிவு

14 அடி அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரப் படகுக்கு, மோட்டார் இல்லாவிட்டாலும் பதிவு வேண்டும். படகுக்கு பார்க்ஸ் அண்ட் வைல்டுலைஃப் துறையின் பிடபிள்யூடி 143 படிவம், மோட்டாருக்கு 144. இரண்டின் விலையிலும் 6.25 சதவீதம் விற்பனை வரி. பதிவு இரண்டு வருடம் செல்லும். டெக்சாஸில் ஏற்கெனவே பதிவான படகு என்றால் பழைய எண்ணே தொடரும்.

எண்ணை அணியத்தின் (படகின் முன்பகுதி) இருபுறமும் ஒட்டவேண்டும். எழுத்து 3 இஞ்ச் உயரத்துக்குக் குறையாமல், படகின் நிறத்துக்கு எடுப்பாக, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் பின்னெழுத்துக்கும் இடையில் இடைவெளி விட்டு இருக்கட்டும். நீங்கள் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், இந்த அளவுப் படகை ஓட்ட போட்டர் எஜுகேஷன் (படகோட்டிப் பயிற்சி) சான்றிதழும் கையில் வேண்டும்.

படி 5: தண்ணீரில் இறக்குவது

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் அண்ணாந்து பாருங்கள். 25 அடி அலுமினியக் கம்பம் அது, டிரெய்லர் மேல் நிற்கும்போது இன்னும் உயரம். மின்கம்பி மேலே போகிறதா, நிமிர்த்திய இடத்திலிருந்து ராம்ப் (தண்ணீருக்குள் இறங்கும் சாய்தளம்) வரை வழியில் எங்காவது குறுக்கிடுகிறதா என்று நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இதை மட்டும் ஒருநாளும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

ராம்பில் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். டிரெய்லர் இடதுபக்கம் போகவேண்டும் என்றால் கையை இடதுபக்கம் நகர்த்துங்கள், வலதென்றால் வலது. இறக்குவதற்கு முன் விளக்கு ஒயரைக் கழற்றிவிட்டு, சூடான பேரிங் ஆறக் கால் மணி நேரம் விடுங்கள். சூட்டோடு இறங்கினால் அது தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கால் மணி நேரத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணிவிடலாம். கூட வரும் குழந்தைகளுக்கு இப்போதே மாட்டிவிடுங்கள்.