கடல் குப்பையில் சிற்பம்: நாம் செய்துவிடும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து கடற்கரையில் பெரிய மீன் ஒன்று செய்தோம். கம்பிக் கூட்டுக்குள் தண்ணீர் பாட்டில்கள். செதிலுக்கு, வெட்டிய கேரி பைகள். விழா முடிந்தது, படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பிவிட்டோம். கோடை கழிந்து போய்ப் பார்த்தால் செதில்களில் பாதியைக் காணவில்லை. மிச்சமிருந்த ஒன்றை விரலால் தொட்டேன். அப்பளம் போல் நொறுங்கி மணலில் உதிர்ந்தது. அதைப் பொறுக்கி எடுக்கவே முடியவில்லை. இன்றும் அந்தக் குற்ற உணர்வு என்னை விட்டுப் போகவில்லை.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. பிளாஸ்டிக் மக்குவதில்லை, பொடியாகிறது. ஆகவே, விழா முடிந்த மறுநாள் இந்தச் சிற்பம் எங்கே இருக்கும் என்று தீர்மானிக்காமல் கம்பியை வளைக்கத் தொடங்காதீர்கள். கூரைக்கு அடியில் வையுங்கள். யார் பிரிப்பது, எந்தத் தேதியில், எங்கே ஒப்படைப்பது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். மணலில்தான் வைக்க வேண்டுமென்றால் அன்று மாலையே எடுத்துவிடுங்கள். சென்னைக் கடற்கரையில் ஆண்டின் முதல் சில மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும். வழியில் நிற்கும் பொருளும் அதன் மேல் எரியும் விளக்கும் அவற்றுக்கு இடைஞ்சல்.

கடைக்குப் போய்ப் புதிதாகத் தெர்மாகோலும் பலூனும் வாங்கி வருவது அடுத்த தவறு. கிளிட்டர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் படலத்தைப் பொடியாக நறுக்கியதுதான். அக்ரிலிக் வண்ணமும் பிளாஸ்டிக்கே. தூரிகை கழுவிய நீர் சாக்கடைக்குத்தான் போகிறது.

வண்ணம் அடிப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரை ஊரான பேண்டனில் ஆஞ்சலா ஹேசல்டைன் பொஸ்ஸி 2010இல் தொடங்கிய 'வாஷ்டு அஷோர்' அமைப்பின் சிற்பங்களைப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பொருள்களே கடல்வாழ் உயிர்களின் உடம்பாகின்றன. எட்ட நின்றால் மீன். கிட்டப் போனால் செருப்பு, பாட்டில் மூடி, கயிறு. 'இது நம் வீட்டிலும் இருக்கிறதே' என்று பார்ப்பவர் திடுக்கிடும் இடம் அதுதான். செருப்பின் மேல் நீலம் பூசிவிட்டால் அது வெறும் செதில். லேபிளையும் கிழிக்காதீர்கள், யார் தயாரித்த பொருள் என்பது தெரியட்டும்.

உண்மையை மிகைப்படுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவில் இறந்துகிடந்த ஆல்பட்ரோஸ் என்னும் கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் இருப்பதை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டன் 2009இல் படமெடுத்தார். ஒரு துண்டைக்கூட நகர்த்தவில்லை, சேர்க்கவில்லை என்று அறிவித்தார். அந்த நேர்மைதான் அந்தப் படங்களின் பலம். செத்த மீனின் வாயில் நாமே பையைத் திணித்துப் படமெடுத்தால், அது தெரியவரும் நாளில் உண்மையான படத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பசிபிக்கில் குப்பைத் 'தீவு' மிதப்பதாக வரைவதும் அப்படித்தான். அங்கே நடந்துபோகத் தீவு எதுவும் இல்லை. 2018இல் வெளியான ஆய்வின்படி அங்குள்ள பிளாஸ்டிக் துண்டுகளில் 94 சதவீதம் நுண்பிளாஸ்டிக், அதாவது அரை சென்டிமீட்டருக்கும் சிறிய துணுக்குகள். எடையில் பார்த்தால் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். பாட்டிலும் உறிஞ்சுகுழலும் மட்டுமே சிற்பமானால் இவை இரண்டும் கண்ணில் படாமலே போகும். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்டிக் குருணை, பார்ப்பதற்கு ஜவ்வரிசி போல இருக்கும். நம் கரையில் அப்படிப்பட்ட குருணையோ துணுக்கோ கிடைத்தால், ஒரு கைப்பிடி மணலோடு கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சிற்பத்தின் அருகே வையுங்கள்.

வலை என்றதும் மீனவர்மேல் பழிபோடும் வாசகத்தை எழுதிவிடாதீர்கள். வலை அறுந்தால் முதல் நஷ்டம் அவர்களுக்குத்தான். வேலை தொடங்குமுன் வலை பின்னும் ஒருவரிடம் கரையில் கிடைத்த துண்டைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணியின் அளவைப் பார்த்தே எந்த மீனுக்குப் போட்ட வலை என்று சொல்லக்கூடியவர் அவர். அவர் சொன்னதை, அவர் சம்மதத்தோடு, சிற்பத்தின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.