கலவரம் அடங்கிய ஊரில் அமைதிப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் அமைதிப் பணியைப் பற்றிப் பேச வேண்டுமானால் மண்டைக்காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1982 மார்ச் 1 அன்று, பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாவின்போது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஆறு பேர் இறந்தனர். வன்முறை அடுத்த நாட்களில் கடற்புறத்து ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. இப்படிப்பட்ட காயம் பட்ட ஊர்களுக்கு நல்லெண்ணத்தோடு செல்கிறவர்களும் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

முதல் தவறு, சந்தடி ஓய்ந்ததையே சமாதானம் என்று எண்ணிக்கொள்வது. தடை உத்தரவு விலகி, பேருந்து ஓடி, கடைகள் திறந்துவிட்டால் அதிகாரிகளின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் வழக்கமாக வந்த மீன்காரி அந்தத் தெருவுக்குத் திரும்ப வந்தாளா, அவளிடம் அந்த வீட்டார் முன்போல் கடனுக்கு மீன் வாங்குகிறார்களா என்பதைப் பார்த்தால்தான் ஊரின் நிலை தெரியும். கடற்புறத்தையும் உள்நாட்டையும் நாள்தோறும் இணைப்பது அவளுடைய மீன் கூடைதான்.

இதிலிருந்தே அடுத்த தவறும் புரியும்: இரு தரப்புப் பெரியவர்களை மட்டும் அழைத்துப் பேசுவது. ஊர்த் தலைவர், பங்குப் பேரவை எனப்படும் தேவாலய நிர்வாகக் குழுவின் பொறுப்பாளர், கோயில் நிர்வாகி ஆகியோர் ஆட்சியர் அலுவலகத்தில் கையெழுத்திடும் உடன்பாடு தேவையானதே. ஆயினும் அதைச் சந்தையிலும் கடற்கரையிலும் காப்பாற்ற வேண்டியவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. கென்யாவின் வஜீர் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் குலங்களுக்கிடையே கடும் மோதல் நடந்தபோது, ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்தாரிடம் பொருள் வாங்கவோ விற்கவோ அஞ்சிய நிலையை மாற்றப் பெண்களே முன்வந்தார்கள். எந்தக் குலத்தவரும் சந்தைக்கு அச்சமின்றி வந்துபோகலாம் என்ற ஏற்பாட்டைச் செய்து, அது மீறப்படாதபடி கண்காணித்தார்கள்; பெரியவர்களும் இளைஞர்களும் அதன் பிறகே அம்முயற்சியில் சேர்ந்தார்கள். அப்பெண்களுள் ஒருவரான தேகா இப்ராகிம் அப்திக்கு 2007-இல் 'மாற்று நோபல்' எனப்படும் விருது கிடைத்தது. நம் சமாதானக் கூட்டங்களில் மீன் விற்கும் பெண்களுக்கு நாற்காலி போடப்படுவதே அரிது என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

மேடை நல்லிணக்கத்தோடு நின்றுவிடுவது மூன்றாவது. சமபந்தியில் ஒருநாள் சேர்ந்து உண்பது நல்லதுதான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் வெட்டச் செய்த முத்திரிக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பொதுக்கிணறு பலருக்கு மறுக்கப்பட்ட காலத்தில், எல்லாச் சாதியாரும் நீர் எடுத்த கிணறு அது. நாள்தோறும் தேவைப்படும் பொருளைப் பொதுவாக்கியதால், மக்கள் சந்தித்தே தீர வேண்டியிருந்தது.

"பழையதைக் கிளறாதீர்கள்" என்று இழந்தவர்களின் வாயை அடைப்பது கொடுமையான தவறு. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின் 'ககாசா' என்னும் ஊர் மன்றங்கள் நடந்தன. அவற்றின் நீதிமுறையில் குறைகள் பல உண்டு. என்றாலும் தம்மவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதைப் பல குடும்பங்கள் அங்கேதான் அறிந்தன. மகனை இழந்த தாயை மன்னிக்கும்படி யாரும் அவசரப்படுத்தக் கூடாது. எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்பவரைப் பகை வளர்ப்பவர் என்று சொல்லவும் கூடாது.

வெளியிலிருந்து வரும் அமைப்புகள் நிதியாண்டு முடிந்ததும் பணியை மூடிவிடுவதும் உண்டு. மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பின் குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து பல சமயத்தாரோடும் பேசியதை மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு சைவ மடத் தலைவர் கடற்புறத்து மக்களைத் தேடிச் சென்றதற்குத் தனி மதிப்பு இருந்தது. எனினும், வெளியார் திரும்பிய பின்னும் ஆண்டுதோறும் கொடை வரும். ஆகவே ஒலிபெருக்கியின் அளவு, கடலில் நீராடும் இடம், ஊர்வலம் செல்லும் வழி ஆகியவற்றைக் கொடியேற்றத்துக்கு முந்தைய நாளில் அவசரமாகப் பேசாமல், தை மாதத்திலேயே இரு தரப்புப் பெண்களையும் இளைஞர்களையும் உட்காரவைத்துப் பேசி, வதந்தி எழுந்தால் நள்ளிரவிலும் யார் யாரை அழைத்துக் கேட்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.