தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம்?

கட்டடத்தின் கார்பன் தடத்தைக் குறைக்க வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரோடுதான் வருவார்கள்: மூங்கில், மண்கல், புதுவகை சிமென்ட். நான் கட்டமைப்புக் கணக்குப் போடுபவன். தூண்கள் எங்கே நிற்கின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பல மாடிக் கட்டடங்களில் கான்கிரீட்டை அதிகம் விழுங்குவது தளங்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். தூண் வரிசைகளுக்கு இடையே தளம் தாண்டும் தூரம் 3.5 மீட்டரிலிருந்து 5 மீட்டரானால், அதே தடிமனுக்கும் அதே சுமைக்கும் வளைக்கும் விசை இரண்டு மடங்கு, தொய்வு நாலு மடங்கு. தொய்வைத் தடுக்கத் தடிமனைக் கூட்டுவோம். அப்புறம் அந்தத் தடிமனின் எடையைச் சுமக்கவே பீமும் தூணும் அஸ்திவாரமும் பெருக்கும்.

சமீபத்தில் ஒரு வரைபடத்தில் நடுவே ஒரு வரிசைத் தூண் சேர்த்தோம். 175 மி.மீ. தளம் 125 ஆனது. 100 சதுர மீட்டருக்கு 5 கனமீட்டர் கான்கிரீட், அதாவது 12 டன் எடை, குறைந்தது. கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் 1,600 கிலோ மிச்சம். ஒரு டன் சாதாரண சிமென்ட்டுக்கு சுமார் 0.8 முதல் 0.9 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஆக ஒன்றேகால் டன்னுக்கு மேல் தவிர்த்தாயிற்று. கூடுதல் பீமும் தூணும் இதில் ஒரு பங்கைத் திருப்பித் தின்னும். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆர்க்கிடெக்டுக்கு அந்தத் தூண்கள் பிடிக்கவில்லை; அலமாரிக்குள் மறைத்துக்கொண்டார்.

மாடிக்கு மாடி தூண்கள் ஒரே நேர்கோட்டில் இறங்கட்டும். இடையில் ஒரு தூண் இடம் மாறினால், அந்தச் சுமையைக் கடத்த ஆள் உயர பீம் போட வேண்டியிருக்கும்.

சரி, இனி கலவை. நான் பல வருடம் செய்த தப்பு இது: குழப்பம் வேண்டாமே என்று, கீழ்மாடித் தூணுக்குத் தேவைப்பட்ட வலிமையையே தளத்துக்கும் எழுதிவிடுவேன். தேவையில்லாத சிமென்ட் அத்தனையும் என் கையெழுத்தில் போனது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக எழுதுங்கள். சிமென்டின் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து வாயுவை விடுகிறது. அதனால் சூளையை மாற்றினால் மட்டும் போதாது, சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கர் கட்டியையே (அதை அரைத்துத்தான் சிமென்ட்) குறைக்க வேண்டும். இரும்பாலைக் கசடையோ நிலக்கரிச் சாம்பலையோ கலக்கலாம்.

இப்படிக் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். அஸ்திவாரத்துக்கு முழுச் சுமை வரப் பல மாதம் ஆகும் என்பதால், வலிமைச் சோதனையை 28 நாளுக்குப் பதில் 56 நாளில் வைக்கலாம். தளத்துக்கு சென்ட்ரிங் பிரிப்பது தள்ளிப்போகும். அதை வேலை அட்டவணையில் முதலிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் 'பலகையை எப்போது கழற்றலாம்?' என்று சைட்டிலிருந்து தினமும் போன் வரும்.